டிரையரில் வைத்த எலும்பு

அந்த எலும்பு முதலிலேயே இவ்வளவு வளைந்திருந்ததா, இல்லை இப்போதுதான் வளைந்ததா?

மனோகரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேலிருந்து பார்த்தால் நேராகத் தெரிந்தது. பக்கவாட்டில் பார்த்தால் தேயிலைச் செடி வெட்டும் கத்தி மாதிரி வளைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் எது மேல், எது பக்கம் என்பதே மறந்துபோயிற்று.

அது அவன் மகள் கீர்த்தனாவின் வலது முன்கை எலும்பு. நிஜ எலும்பு இல்லை, வெள்ளைப் பிளாஸ்டிக்கில் செய்த அச்சு. அதற்காகக் கடையில் தொங்குகிற பொம்மை எலும்பு என்றும் சொல்லிவிட முடியாது. கீர்த்தனாவை ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அவள் எலும்பு எந்த இடத்தில் எவ்வளவு கோணியிருக்கிறதோ அந்தக் கோணலோடு கோயம்புத்தூரில் ஓர் இயந்திரம் வரிவரியாகச் செய்து கொடுத்தது. நாளைக் காலை அதைக் குன்னூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் தரணிதரன் கையில் கொடுக்க வேண்டும். டாக்டர் அதை அறுத்துத் திருப்பி, அதன்மேல் உலோகத் தகட்டை வைத்து வளைத்துப் பார்ப்பார். அச்சில் எப்படிச் சரியாக வருகிறதோ, அப்படியே மறுநாள் கீர்த்தனாவின் கையைத் திறந்து செய்வார்.

அப்பேர்ப்பட்ட சாமானைத்தான் மனோகரன் டிரையர் மேல் வைத்துவிட்டான்.

அவனை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. கோத்தகிரிக்கு வெளியே உள்ள அந்தச் சின்னத் தேயிலை ஃபேக்டரியில் டிரையரைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. அரைத்த இலை ஒரு பக்கம் ஈரமாகப் போகும், மறுபக்கம் கறுப்புத் தூளாக விழும். நடுவில் சூட்டைக் கவனிப்பவன் அவன். ஈரம் என்றால் அவனுக்குப் பாம்பைக் கண்ட மாதிரி. ஈரம் தங்கிய தூள் செத்த தூள். அதனால் நனைந்தது எது கண்ணில் பட்டாலும் அவன் கை தானாக அதை டிரையருக்குக் கொண்டுபோய்விடும். அவன் மட்டுமா? மழைக்காலம் வந்தால் ஃபேக்டரியில் எல்லாருடைய ஸ்வெட்டரும், சாக்ஸும், ரேஷன் அரிசியும், ஒருதடவை யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகைக் கட்டும் அந்த டிரையர் மேலிருக்கும் தகரத் தட்டில்தான் காயும்.

அதிலும் பாருங்கள், விதி எப்படி விளையாடுகிறது என்று. பச்சை இலைக்கு விலை விழுந்துகிடந்த காலம் அது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று பாதிப் பேர் இலையைச் செடியிலேயே முற்றவிட்டுவிட்டார்கள். ஃபேக்டரியில் வாரத்தில் பாதி நாள் அடுப்பு மூட்டுவதில்லை. அன்றைக்கும் மூட்டாமல் இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் அன்றைக்கென்று எங்கிருந்தோ ஒரு லாரி இலை வந்து சேர்ந்தது. டிரையர் எரிந்தது.

பார்சல் மத்தியானம் வந்தது. மண் சரிந்து குன்னூர் மலைப்பாதை மூடிக்கிடந்ததால் கீழிருந்து வரும் எல்லாமே கோத்தகிரி வழியாகத்தான். அச்சு செய்த பாலு அதை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, மனோகரனுக்கு போன் செய்திருந்தான். மலையில் பாதிச் சாமான் இப்படித்தான் வருகிறது. மனோகரன் ஃபேக்டரியில் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான்.

பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏனுங்க, இப்படி நனைஞ்சிருக்கு?"

"மீன் பொட்டி பக்கத்துல இருந்துச்சுங்க. ஐஸ் கரைஞ்சு ஒழுகிருச்சு. உள்ள என்ன, துணிங்களா?"

"எலும்புங்க."

கண்டக்டர் அவனை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப மீன் தண்ணியால ஒண்ணும் ஆகாதுங்க," என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார்.

ஃபேக்டரிக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் மத்தி வாடை குப்பென்று அடித்தது. மகளின் எலும்பில் மீன் தண்ணீர்! மனோகரனுக்கு மனசு ஆறவில்லை. குழாயடியில் வைத்து நன்றாகக் கழுவினான். கழுவியதும் ஈரம். ஈரத்தைப் பார்த்ததும் கை தானாக டிரையருக்குப் போயிற்று. தகரத் தட்டின்மேல், இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் பாலம் மாதிரி அச்சை வைத்தான். பக்கத்தில் அட்டைப்பெட்டியையும் விரித்து வைத்தான். அப்போது பார்த்து இலை அரைக்கிற இயந்திரம் அடைத்துக்கொண்டது. கூப்பிட்டார்கள். போனான்.

திரும்பி வந்தபோது அட்டைப்பெட்டி அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. எலும்பை எடுத்தான். கையில் கொழகொழவென்று, ரப்பர் மாதிரி இருந்தது. பதறிப்போய்க் கீழே வைத்தான். ஆறியதும் பழையபடி கல் மாதிரி ஆகிவிட்டது.

அப்பாடா என்று மூச்சு விட்டவனுக்கு அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. ஆறினது சரி. பழைய கோணலில் ஆறியதா, புதுக் கோணலில் ஆறியதா?

நேரான எலும்பாக இருந்தால் ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். கோணலுக்குத்தானே இந்த அச்சையே செய்தார்கள்! கோணலாக வந்த சாமான் கோணலாக இருக்கிறது. எவ்வளவு கோணல் என்று யார் கண்டது? கழுவும்போது பார்த்ததுதான். அப்போதும் மீன் வாடையைக் கவனித்தானே ஒழிய வளைவை யார் கவனித்தார்கள்?

எல்லப்பனைக் கூப்பிட்டுக் காட்டினான். எல்லப்பன் மூத்தவர். சிலோனில் பிறந்தவர். இன்னும் ஃபேக்டரியை அந்த ஊர் வழக்கப்படி 'ஸ்டோர்' என்றுதான் சொல்வார்.

"அண்ணே, இதைப் பாருங்க. வளைஞ்சிருக்கா?"

எல்லப்பன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "வளைஞ்சிருக்கு."

"முன்னாடியே வளைஞ்சதா, இப்ப வளைஞ்சதா?"

"நான் முன்னாடி பார்க்கலையேடா."

"இப்ப பாத்து சொல்லுங்கண்ணே."

"இப்ப பாத்து முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு சொல்றதுக்கு நான் என்ன கோடாங்கியா?" எல்லப்பன் அச்சைத் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணு சொல்றேன் கேளு. வாயைத் திறக்காதே. டாக்டர் நேராக்கத்தானே போறாரு? கொஞ்சம் அதிகமா கோணியிருந்தா கொஞ்சம் அதிகமா நேராக்கிட்டுப் போறாரு. கணக்கு சரியாப் போச்சு."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஃபேக்டரி வாசலைத் தாண்டுவதற்குள் அது நியாயமா, அநியாயமா என்று மனோகரனுக்குக் குழம்பிவிட்டது. கையில் இல்லாத கோணலை டாக்டர் நேராக்கினால், கை இன்னொரு பக்கம் கோணலாகப் போகாதா? போகும். இல்லை, போகாதோ? கையை நீட்டி மடக்கிப் பார்த்தான். எதிரே வந்த ஆட்டோக்காரர் தன்னைத்தான் நிறுத்துகிறான் என்று நினைத்து நின்றுவிட்டார்.

பேசாமல் டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்றால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. கீர்த்தனா.

பள்ளிக்கூடம் படிக்கும்போது தேயிலைக் காட்டு வாய்க்காலில் வழுக்கி விழுந்து முன்கை எலும்பு ஒடிந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் கோணலாகக் கூடியிருந்தது. அன்றிலிருந்து அவள் வலது உள்ளங்கை மேலே பார்த்துத் திரும்புவதில்லை. எழுதுவாள், தூக்குவாள், பிழிவாள். யாராவது ஒன்றைக் கொடுத்தால் கையேந்தி வாங்க மட்டும் முடியாது. இப்போது கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடையில் வேலை. சில்லறையை இடது கையில் வாங்கினால் முகம் சுளிப்பவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே ஒரு விளக்கம் சொல்லுவாள். கோயிலில் பூசாரி இருளப்பன் அவளுக்கு மட்டும் திருநீற்றை ஓர் இலைத் துண்டில் வைத்து நீட்டுவார். இடது கையில் போடமாட்டார். பாவம் என்று அவளை விரட்டவும் மாட்டார்.

போன தடவை ஆபரேஷனுக்கு நாள் குறித்து, பட்டினி போட்டுப் படுக்கையில் படுக்கவும் வைத்தாயிற்று. அன்றைக்குத்தான் மண் சரிந்தது. கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய டாக்டரால் மேலே ஏற முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்த கீர்த்தனா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "இன்னொரு தடவை தள்ளிப்போச்சுன்னா என்னைக் கூப்பிடாதீங்கப்பா. நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்." சொன்னால் செய்கிற பெண்.

சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும், அப்புறம் அவள் வரமாட்டாள். சொல்லாவிட்டால் கை என்ன ஆகுமோ? இந்த இரண்டுக்கும் நடுவில் மனோகரன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

வாசலிலேயே மனைவி சின்னம்மை மறித்தாள்.

"ஏங்க, அதென்ன கையில?"

"அச்சு. டாக்டர் சொன்னாரே."

"எலும்பா? அதை உள்ள கொண்டாராதீங்க! செத்தவங்க எலும்பையே யாரும் வூட்டுக்குள்ள வைக்கமாட்டாங்க. உசுரோட இருக்கற புள்ளையோடத கொண்டாந்து நடுவூட்டுல வைக்கப் போறீங்களா?"

"இது பிளாஸ்டிக்குடி."

"பிளாஸ்டிக்கா இருந்தாலும் அவ எலும்புதானே?"

அவள் எலும்பா என்று கேட்டால் ஆமாம். அவள் எலும்பு இல்லையா என்று கேட்டாலும் ஆமாம்தான். மனோகரன் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் கொய்யா மரத்துப் பக்கம் நகர்ந்தான்.

"ஐயோ, மரத்துல கட்டாதீங்க! சுடுகாட்டுல எடுத்த எலும்பை ஆத்துல விடற வரைக்கும் மரத்துலதானே கட்டுவாங்க!"

"அப்ப எங்கதான்டி வைக்கறது?"

கடைசியில் கோழிக்கூண்டின்மேல் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினான். 'டிரையரில் போட்டேன்' என்று மட்டும் இவளிடம் சொல்லிவிடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டான். எலும்பு, நெருப்பு இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் இவள் காரியத்துக்கே நாள் பார்த்துவிடுவாள்.

சாயங்காலம் கீர்த்தனா வேலையிலிருந்து வந்ததும் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தான். அவள் கையைப் பிடித்து முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை விரலால் அழுத்தி அழுத்தித் தடவினான். வளைவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

"என்னப்பா, கைரேகை பாக்கறீங்களா?"

"இந்த இடத்துல மேடா இருக்கே, எப்பவும் இவ்வளவு மேடாத்தான் இருக்குமா?"

"தெரியலையே. யாரு அளந்து பாத்தா?"

"உன் கைதானே?"

"என் கைதான். அதுக்காக உள்ள போயிப் பாத்துட்டு வரமுடியுமா?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏம்பா, பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"பயமெல்லாம் ஒண்ணுமில்லை," என்றான் மனோகரன். அவள் எழுந்து போனதும் பாலுவுக்கு போன் செய்து, சும்மா ஒரு ஞாபகத்துக்கு என்று சொல்லி, அச்சின் போட்டோ கேட்டான். பாலு உடனே அனுப்பிவிட்டான். நல்ல வெளிச்சத்தில், நீலத் துணிமேல் எடுத்த அழகான போட்டோ. மனோகரன் கோழிக்கூண்டுக்கு ஓடி, அச்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அச்சை இப்படித் திருப்பினால் போட்டோவும் அதுவும் ஒன்றாக இருந்தது. அப்படித் திருப்பினால் வேறாக இருந்தது. பாலு எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தான்? மறுபடி போன் செய்து கேட்டால் ஏன் என்று கேட்பான். ஒரு கோழி கூண்டுக்குள்ளிருந்து தலையைச் சாய்த்து அவனையே பார்த்தது. அதற்காவது ஏதாவது தெரியுமோ என்னவோ.

வெந்நீரில் போட்டுக் கொஞ்சம் நிமிர்த்திவிடலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. நிமிர்த்தலாம். எவ்வளவு நிமிர்த்துவது? அதிகமாக நிமிர்த்திவிட்டால், 'கை நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு ஆபரேஷன்' என்று டாக்டர் அனுப்பிவிட்டால்? அந்த யோசனையையும் சாக்கைப் போட்டு மூடினான்.

மறுநாள் காலை குன்னூர் ஆஸ்பத்திரியில் கீர்த்தனாவைச் சேர்த்தார்கள். அன்று பரிசோதனை, மறுநாள் ஆபரேஷன், அன்று மாலையே டாக்டர் கீழே இறங்கிவிடுவார். வார்டு நர்ஸ் சாந்தாமணி பெட்டியை வாங்கி டாக்டரின் அறை மேசைமேல் வைத்தாள். டாக்டர் தரணிதரன் விடியற்காலையில் காரில் கிளம்பி, கோத்தகிரி வழியாக அப்போதுதான் வந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர், கலகலப்பான மனிதர்.

"வாங்க மனோகரன். வாம்மா கீர்த்தனா. அம்மா, நீங்களும் உக்காருங்க. இதப் பாத்துட்டீங்கன்னா உங்க எல்லாத்துக்கும் வெளங்கிரும்."

பெட்டியைத் திறந்தவர், மூக்கைச் சுருக்கி ஒருதடவை மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, என்னங்க இது! மலையேறுனா எலும்புலகூட டீத்தூள் வாசம் வருது!"

சாந்தாமணி சிரித்தாள். கீர்த்தனா சிரித்தாள். சின்னம்மைகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மனோகரனும் சிரித்துவைத்தான். அவ்வளவுதான், டாக்டர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். மனோகரன் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வாசனையை யாரும் அப்புறம் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் பென்சிலால் அச்சின்மேல் ஒரு கோடு போட்டார். "இந்த எடத்துல அறுக்கணும். அறுத்துட்டு இந்தத் துண்டை இப்படித் திருப்பி, மேல இந்தத் தகட்டை வச்சு ஆணியடிக்கணும்." நீளமாக, ஓட்டை ஓட்டையாக ஒரு தகட்டை எடுத்துக் காட்டினார். "இதை இன்னிக்கே இந்த அச்சுல வச்சு வளைச்சு ரெடி பண்ணிருவேன். நாளைக்குத் தியேட்டர்ல எலும்பைத் தொறந்து வச்சுக்கிட்டு யோசிச்சுட்டு நிக்க வேண்டியதில்லை பாருங்க. இதுல பொருந்துனா உள்ளயும் பொருந்தும். இதை நம்பித்தான் கத்தியை எடுக்கறேன்."

சின்ன ரம்பத்தை அச்சின்மேல் வைத்தார்.

மனோகரனுக்கு எல்லப்பன் சொன்ன கணக்கு ஒருபக்கம், கீர்த்தனா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது மறுபக்கம். எது சரி, எது தப்பு என்று அப்போதும் அவனுக்குத் தெளியவில்லை. ஆனால் 'நம்பி' என்ற அந்த ஒரு வார்த்தையில் வாய் திறந்துகொண்டது.

"டாக்டர், அதை நம்பாதீங்க."

ரம்பம் நின்றது.

"என்னங்க?"

"அது டிரையர்ல வெந்ததுங்க."

"எதுல?"

"டீ டிரையர்லங்க. மீன் தண்ணி பட்டிருச்சு. கழுவுனேன். ஈரமா இருந்துச்சு, காயட்டும்னு வச்சேன். இளகிப்போய், அப்புறம் கெட்டியாயிருச்சுங்க. வளைஞ்சுதா வளையலையான்னு தெரியல. நானும் நேத்துல இருந்து பாத்துட்டே இருக்கேன். தெரியவே மாட்டேங்குது."

சின்னம்மை நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "நெருப்புலயா போட்டீங்க?" என்று கேட்டாள்.

டாக்டர் அச்சைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். மனோகரன் நேற்றிலிருந்து செய்துகொண்டிருந்த அதே வேலை. பிறகு லேப்டாப்பைத் திறந்து, திரையில் எலும்பைச் சுழலவிட்டு, அச்சைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார்.

"எனக்கும் கண்ணுல பாத்தா தெரியலீங்க," என்றார்.

சாந்தாமணியிடம் அளவுகோல் வாங்கி, அச்சில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அளந்தார். திரையில் இருந்த அளவைப் பார்த்தார். மறுபடி அளந்தார். பிறகு அச்சை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"குறையுது. நடுவுல தொய்ஞ்சிருக்கு. இதை வச்சுத் தகட்டை வளைச்சிருந்தேன்னா நாளைக்கு உள்ள பொருந்தியிருக்காது. பொருந்தவைக்கறேன்னு ஒரு கோணலை எடுத்துட்டு இன்னொரு கோணலை வச்சிருப்பேன்." பிறகு கோபம் வந்தது. "ஏனுங்க மனோகரன், போன் ஒண்ணு பண்ணியிருக்கக் கூடாதா? நேத்தே சொல்லியிருந்தா பாலு இந்நேரம் வேற அச்சு முடிச்சிருப்பான்! ராத்திரி பூரா மிஷின் ஓடுனாத்தான் நாளைக்குக் காலைல வரும். அதுவும் பஸ்ஸு வந்தாத்தான். வரலைன்னா நான் கீழ எறங்கிருவேன், அப்புறம் எப்பன்னு எனக்கே தெரியாது."

மனோகரன் டாக்டரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தான்.

கீர்த்தனா வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கவிழ்ந்தே இருக்கும் அந்தக் கை. எழுந்து வார்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மனோகரன் பின்னாலேயே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றான். மன்னிச்சுக்கோ என்பதா, வீட்டுக்குப் போலாமா என்பதா?

"கீர்த்தி..."

"நேத்து கையைப் பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தது இதுக்குத்தானா?"

"ஆமா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வரமாட்டேன்னு..."

வெளியே சின்னம்மை சாந்தாமணியிடம், நெருப்பில் பட்ட எலும்பை என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தது கேட்டது. "அதெல்லாம் எங்க டூட்டில வராதுங்க," என்று சாந்தாமணி சொல்வதும் கேட்டது.

கீர்த்தனாவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று மனோகரன் குனிந்து பார்த்தான். அழுகையா சிரிப்பா என்று அவனால் சொல்ல முடியவில்லை. அநேகமாக இரண்டும்தான்.

"அப்பா," என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "இந்தத் தடவை கண்டக்டர்கிட்ட விடாதீங்க. நீங்களே போய் வாங்கிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

அவன் அடுத்த பஸ்ஸிலேயே கீழே இறங்கினான். பாலுவின் பட்டறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, இயந்திரத்தின் மூக்கு இப்படியும் அப்படியும் ஓடி ஓடி மகளின் எலும்பை வரிவரியாக எழுப்புவதைப் பார்த்தான். சோற்றைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடவும் மறந்தான். "அண்ணா, ஒரு அறுபது டிகிரி சூட்டுக்கே இது இளகிருமுங்க," என்று பாலு சொன்னபோது, தன் டிரையரின் சூடு எவ்வளவு என்று மனோகரன் அவனிடம் சொல்லவில்லை.

காலையில் முதல் பஸ். பெட்டியை நெஞ்சோடு வைத்து, அதன்மேல் சால்வையைப் போர்த்தி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். கண்டக்டர் அதே ஆள்.

"வாங்கண்ணா! முன்னாடி இன்ஜின் பக்கத்துல உக்காருங்க. கதகதன்னு இருக்கும்."

மனோகரன் அலறியடித்துக்கொண்டு பஸ்ஸின் கடைசி சீட்டுக்குப் போனான். அங்கே இரண்டு மீன்பெட்டிகள் இருந்தன. நடு சீட்டுக்கு வந்தான். அங்கே ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. கடைசியில் நடைபாதையில் நின்றபடியே, கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு கம்பத்தில் முதுகை முட்டுக்கொடுத்துக்கொண்டு, மலையேறினான். பாதை கோணல், பஸ் கோணல், அவன் கோணல். மடித்த கைக்குள் ஒரு கோணல் மட்டும் உள்ளபடியே வந்து சேர்ந்தது.

டாக்டர் முதல் காரியமாக அதை மோந்து பார்த்தார். பிறகு அளந்தார். பிறகு ரம்பத்தை எடுத்தார். தகட்டை வளைத்து, ஆவியில் வைத்துச் சுத்தம் செய்து, மத்தியானம் கீர்த்தனாவை உள்ளே கொண்டுபோனார்கள். மாலையில் டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்து, "வச்சதும் உக்காந்துச்சுங்க," என்றார். காரில் ஏறும்போது பழைய அச்சைத் திருப்பிக் கொடுத்தார். "இதை வச்சுக்கங்க. எனக்கு ஆகாது. டீத்தூள் வாசம் இன்னும் போகல."

அந்த அச்சைச் சின்னம்மை ஆற்றில் விட்டே தீருவேன் என்றாள். பிளாஸ்டிக்கை ஆற்றில் போட்டால் அபராதம் போடுவார்கள் என்று கீர்த்தனா படுக்கையிலிருந்தே சட்டம் பேசினாள். இன்றுவரை அது கோழிக்கூண்டின்மேல்தான் இருக்கிறது.

கட்டுப் பிரித்து, பயிற்சிகள் முடித்து, அவர்கள் கோயிலுக்குப் போன அன்று ஃபேக்டரியில் அடுப்பு மூட்டவில்லை. இலை இல்லை. எல்லப்பனும் கூடவே வந்திருந்தார். பூசாரி இருளப்பன் தட்டோடு வரிசையாக வந்தார். கீர்த்தனாவைக் கண்டதும், இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக இலைத் துண்டை எடுத்தது.

"இலை வேண்டாங்க பூசாரி," என்றாள் கீர்த்தனா.

வலது கையை நீட்டினாள். கவிழ்ந்திருந்த கை மெல்ல, கதவு திறக்கிற மாதிரி, திரும்பத் தொடங்கியது. பாதியில் நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் திரும்பியது. உள்ளங்கை வானத்தைப் பார்த்தது.

இருளப்பன் இலையைக் கீழே போட்டுவிட்டுத் திருநீற்றை அள்ளி, வேண்டியதற்கு மேலேயே வைத்தார். கொஞ்சம் விரலிடுக்கில் சிந்தியது. மீதி நின்றது.

"முழுசாத் திரும்பலையோ?" என்று எல்லப்பன் மனோகரன் காதில் கிசுகிசுத்தார். "ஒருபக்கம் லேசா சாஞ்ச மாதிரி இல்லை?"

மனோகரன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கை நேராக இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் லேசாகச் சாய்ந்திருந்தது. கண்ணில் வேறு தண்ணீர் கோத்துக்கொண்டு எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. எது சரி என்று அவனுக்குத் தெரியவில்லை.

"வாயைத் திறக்காதீங்கண்ணே," என்றான்.